முத்திரை விழுந்தால் கதை முடிந்தது! தெரியுமா?

நம் செல்களுக்குள் இந்த நொடியும் புரதங்கள் பிறக்கின்றன, வேலை பார்க்கின்றன, அழிகின்றன. எந்தப் புரதத்துக்கு எப்போது முடிவு என்று நாள் குறிப்பது யார் தெரியுமா? யுபிகுவிட்டின் நொதிகள்! புற்றுநோய்க்கு மருந்து தேடுபவர்கள் இன்று இவற்றைத்தான் துரத்துகிறார்கள். ஏன்? மேலே படியுங்கள்!

● கொதித்தும் கெடாத புரதம்!
1970களின் இறுதி. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் அவ்ராம் ஹெர்ஷ்கோவும் அவர் மாணவர் ஆரோன் சிச்சனோவரும், செல் தன் புரதங்களை எப்படி அழிக்கிறது என்று அறிய, முயலின் இளம் சிவப்பணுச் சாற்றைக் குடைந்துகொண்டிருந்தார்கள். சாறு முழுக்க ஹீமோகுளோபின். கொதிக்க வைத்தார்கள். ஹீமோகுளோபின் திரிந்து வீழ்படிவானது. தேடிய புரதமோ தெளிந்த நீரில் சேதமில்லாமல் தங்கியது! பிறகு தெரிந்தது, அழிய வேண்டிய புரதங்கள் மீது முத்திரையாக விழும் யுபிகுவிட்டின்தான் அது என்று. அமெரிக்கரான இர்வின் ரோஸையும் சேர்த்து மூவருக்கும் 2004-இல் வேதியியல் நோபல் பரிசு!

● ஈஸ்டுக்கும் நமக்கும் மூன்றே வித்தியாசம்!
யுபிகுவிட்டினில் இருப்பவை வெறும் 76 அமினோ அமிலங்கள். ரொட்டி மாவைப் பொங்கவைக்கும் ஈஸ்டின் யுபிகுவிட்டினும் மனித யுபிகுவிட்டினும் அவற்றில் மூன்றே இடங்களில்தான் மாறுபடுகின்றன!

● மூன்று கை மாறும் முத்திரை!
ஈ1 நொதி, ஏடிபி ஆற்றலைச் செலவழித்து யுபிகுவிட்டினை முடுக்கிவிடும். ஈ2 அதை வாங்கிச் சுமக்கும். ஈ3 அழிய வேண்டிய புரதத்தைத் தேர்ந்தெடுத்து அதில் ஒட்டவைக்கும். மனித உடலில் ஈ1 இரண்டே வகை. ஈ2 சுமார் 40. ஈ3-யோ 600-க்கும் மேல்! ஈ1-ஐத் தடுத்தால் செல் முழுவதும் ஸ்தம்பிக்கும். ஒரு ஈ3-ஐத் தொட்டால் அது கவனிக்கும் சில புரதங்கள் மட்டுமே மாறும். மருந்து ஆய்வாளர்கள் ஈ3 மீது கண் வைத்திருப்பது இதனால்தான்! ஒட்டிய முத்திரையைக் கழற்றுவதற்கென்றே இன்னொரு படை, சுமார் 100 நொதிகள், தனியாக உண்டு!

● ஆலையை அடைத்த மருந்து!
முத்திரை விழுந்த புரதத்தைத் துண்டு துண்டாக வெட்டுவது புரோட்டியசோம். அதன் வெட்டும் பகுதியை அடைக்கும் போர்டெசோமிப் மருந்துக்கு 2003-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மல்டிபிள் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய்க்கு! அந்த மருந்தின் மூலக்கூறில் போரான் அணு இருக்கிறது என்பது கூடுதல் ஆச்சரியம்!

● வைரஸின் திருட்டு வேலை!
கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் ஹெச்.பி.வி. வைரஸ், நம் ஈ3 நொதி ஒன்றைத் தன் பக்கம் இழுத்து, புற்றுநோயைத் தடுக்கும் பி53 புரதத்தின் மீதே முத்திரை குத்த வைக்கிறது!

● செடிகள் முந்திக்கொண்டன!
செடியை வளரவைக்கும் ஆக்சின் ஹார்மோன், ஒரு ஈ3 நொதியையும் அது அழிக்க வேண்டிய புரதத்தையும் பசைபோல ஒட்டவைக்கிறது. 2007-இல் இந்தப் பிணைப்பின் வடிவத்தைப் பார்த்த விஞ்ஞானிகள் அசந்துபோனார்கள்!

● கொடிய மாத்திரை, உயிர் காக்கும் மருந்து!
1957-இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தது தாலிடோமைடு. கர்ப்பிணிகள் குமட்டலுக்கு விழுங்கினார்கள். 10,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் கைகால் குறைபாடுகளுடன் பிறந்தார்கள். 1961-இல் மருந்து திரும்பப் பெறப்பட்டது. அது உடலில் எதைப் பிடிக்கிறது? அரை நூற்றாண்டாக மர்மம்! 2010-இல் ஜப்பானின் ஹிரோஷி ஹாண்டா குழு கண்டுபிடித்தது: செரிப்ளான் என்ற புரதத்தை. அது ஒரு ஈ3 நொதியின் பகுதி! தாலிடோமைடின் உறவான லெனலிடோமைடு, அதே செரிப்ளானைப் பிடித்து, ஆக்சினைப் போலவே பசையாகி, மைலோமா செல்லுக்குத் தேவையான இரண்டு புரதங்களை அழிக்கிறது. இது 2014-இல் உறுதியானது!

● ஒரு மூலக்கூறு, பல பலிகள்!
2001-இல் அமெரிக்காவின் கிரேக் க்ரூஸும் ரேமண்ட் டெஷைஸும் இரண்டு முனை கொண்ட மூலக்கூறை உருவாக்கினார்கள். ஒரு முனை ஈ3-ஐப் பிடிக்கும், மறுமுனை நோய்ப் புரதத்தைப் பிடிக்கும். பெயர் புரோட்டாக்! வழக்கமான மருந்து ஒரு புரதத்தைத் தடுக்க அதன் மேலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். புரோட்டாக்கோ ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததைத் தேடிப் போகும்! நோய்ப் புரதத்தின் செயலிடத்தை அடைக்கத் தேவையில்லை. பிடிக்க ஓர் இடம் கிடைத்தால் போதும். மருந்தே எட்டாது என்று கைவிடப்பட்ட புரதங்களுக்கும் இதனால் வழி பிறந்தது. 2019-இல் மனிதர்களிடம் சோதனையும் தொடங்கிவிட்டது!

● இன்னும் 600 கதவுகள்!
இத்தனை ஈ3 நொதிகள் இருந்தும், இதுவரை புரோட்டாக்குகள் பெரும்பாலும் நம்பியிருப்பது செரிப்ளான், வி.எச்.எல். என்ற இரண்டை மட்டும்தான்! சில ஈ3-கள் குறிப்பிட்ட திசுக்களில் மட்டுமே அதிகம் இருக்கும். அவற்றைப் பிடிக்கத் தெரிந்துவிட்டால், மற்ற உறுப்புகளைத் தொடாமல் நோயுள்ள இடத்தில் மட்டும் முத்திரை குத்த முடியும். ஆய்வகங்கள் இப்போது அந்தக் கதவுகளைத்தான் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருக்கின்றன!