கடலுக்கு ஒரு ஓப்பனிங் பேலன்ஸ்!

பி.காம். படித்தவனுக்குக் கடலில் என்ன வேலை என்று கேட்பீர்கள். கணக்கு வேலைதான் ஸார்!

வருஷக் கடைசியில் லாபமா நஷ்டமா என்று சொல்ல வேண்டுமானால், வருஷ ஆரம்பத்தில் கையில் என்ன இருந்தது என்று தெரிய வேண்டும். ஓப்பனிங் பேலன்ஸ் இல்லாத லெட்ஜரை எந்த ஆடிட்டரும் விரலால்கூடத் தொட மாட்டார். கடலில் காற்றாலை நடுவதற்கும் இதே சட்டம்தான்.

2024 ஜூனில் மத்திய அமைச்சரவை கடல் காற்றாலைகளுக்காக 7,453 கோடி ரூபாய் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. குஜராத் கடலில் 500 மெகாவாட், தமிழ்நாட்டுக் கடலில் 500 மெகாவாட். நம் பக்கம் குறி வைத்திருப்பது மன்னார் வளைகுடா. அங்கே காற்றுக்குப் பஞ்சமே கிடையாது.

சாரத்தில் வழக்கமாக டீ குடிக்கும் கடையில் இதைச் சொன்னேன். பக்கத்தில் இருந்த வைத்திக்குப்பத்து மீனவர் நிமிர்ந்தார்.

"ஏன் தம்பி, அது சுத்துற சத்தத்துல மீனு ஓடிடாது?"

"சுத்துற சத்தத்தைவிட நடுற சத்தம்தாண்ணே பெரிசு!"

ராட்சத இரும்புக் குழாயைக் கடலடியில் சுத்தியலால் அடித்து இறக்குகிறார்கள். அந்த ஓசை தண்ணீருக்குள் பல கிலோமீட்டர் போகும். டென்மார்க்கில் 2002-ல் ஹார்ன்ஸ் ரெவ் என்ற இடத்தில் 80 காற்றாலைகள் நட்டபோது, போர்பாய்ஸ் என்கிற, டால்பினுக்குத் தம்பி முறையான பிராணி ஓட்டம் பிடித்தது. அடி நின்றதும் திரும்பி வந்துவிட்டது. 2003-ல் அதே நாட்டில் நைஸ்டெட்டில் 72 காற்றாலைகள். அங்கே காங்கிரீட் அடித்தளத்தைத் தரையில் உட்கார வைத்தார்கள். ஆனாலும் போன போர்பாய்ஸ்கள் பல வருஷங்கள் ஆகியும் பழைய அளவுக்கு வரவில்லை!

ஒரே நாடு, இரண்டு விடை. இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? முதல் காற்றாலை வருவதற்கு முன்பே எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். அவ்வளவுதான் ரகசியம்.

வரவுப் பக்கமும் உண்டு. தூணிலும், அடியில் கொட்டிய கல்லிலும் சிப்பி ஒட்டுகிறது, நண்டு வருகிறது, பின்னாலேயே மீன் வருகிறது.

"நாங்க தென்னமட்டயக் கட்டிப் போட்டு மீன் சேக்குற மாதிரி" என்றார் அண்ணன், சிரித்துக்கொண்டே. உடனே சிரிப்பு நின்றது. "மீனு சேரும் சரி. எங்கள வல போட வுடுவானா?"

நியாயமான கேள்வி. பெல்ஜியத்தில் காற்றாலைகளுக்கு நடுவே மீன்பிடிப் படகு போகக் கூடாது. பிரிட்டனில் அப்படித் தடைச்சட்டம் இல்லை. ஆனால் வலை கேபிளில் மாட்டுமோ என்ற பயம் உண்டு. நம் ஊர்ச் சட்டம் எந்தப் பக்கம் என்பதில்தான் தூத்துக்குடி, ராமநாதபுரம் குடும்பங்களின் உலை இருக்கிறது.

கடல் கணக்கு தப்பினால் என்ன ஆகும் என்று புதுச்சேரிக்காரனுக்குப் பாடம் எடுக்க வேண்டாம். இந்தக் கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகரும். 1980-களின் கடைசியில் வந்த துறைமுகத் தடுப்புச் சுவர் அதை மறித்தது. தேங்கிய மணலை வடக்கே தள்ளும் ஏற்பாடு ஒழுங்காக நடக்கவில்லை. பீச்சில் மணல் போய்க் கருங்கல் மிஞ்சியது. 2018-ல் கடலுக்குள் இரும்புத் தடுப்பு இறக்கிய பிறகுதான் கொஞ்சம் மணல் திரும்பியது.

மன்னார் வளைகுடாவிலோ 21 தீவுகள், பவளப்பாறை, கடற்புல், அதை மேயும் ஆவுளியா. 1986-லேயே கடல் தேசியப் பூங்கா ஆன இடம். காற்று மின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கரிப்புகையை விட அது எவ்வளவோ மேல். முதல் குழாய் இறங்கும் முன், எல்லாப் பருவத்திலும் மீனை எண்ணுங்கள், ஆவுளியாவை எண்ணுங்கள், படகு கொண்டு வரும் கூடையையும் எண்ணுங்கள். அந்தப் பேரேட்டில் மீனவரும் கையெழுத்துப் போடட்டும்.

அப்புறம் எத்தனை காற்றாலை வேண்டுமானாலும் சுற்றட்டும். கணக்கு சரியாக இருந்தால் ஆடிட்டருக்கு என்ன பயம்?