இணையவழி ஆசிரியர் பயிற்சி: டெல்டாவின் சந்தேகங்களும் விளக்கங்களும்

பள்ளி திறந்து ஒரு மாதம் ஆவதற்குள் ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் பயிற்சி இணைப்புகள் வந்து குவியத் தொடங்கிவிடும். ஒன்று தீக்ஷா தளத்தில், இன்னொன்று ஹைடெக் லேப்பில், மற்றொன்று சனிக்கிழமை குறுவள மையத்தில் நேரில். இவற்றில் எது உருப்படியாகப் பயன்படுகிறது, எந்தச் சான்றிதழ் எதற்குச் செல்லும்? தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் ஆசிரியர்களும், பி.எட். படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரும் கேட்கும் கேள்விகள் இவை.

பயிற்சி என்றால் குருக்கத்தி, மன்னார்குடி ஆசிரியர் பயிற்சி நிறுவனத்துக்கோ (டயட்) வட்டார வள மையத்துக்கோ போவதுதானே வழக்கம்? இந்த நெட் சமாச்சாரமெல்லாம் கொரோனா கொண்டுவந்ததுதானே?

இல்லை. தொலைவிலிருந்து பயிற்சி தருவதற்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு வயது. 1975 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளை ஓராண்டு இரவல் வாங்கி, 6 மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்கு இஸ்ரோ தொலைக்காட்சி காட்டியது. அந்தப் பட்டியலில் தமிழ்நாடு இல்லை. அந்த ஓராண்டில் சுமார் 48,000 தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு அறிவியல் கற்பிக்கும் முறையில் 12 நாள் பயிற்சி 2 சுற்றுகளாக நடந்தது. அவர்களை வெறுமனே டி.வி. முன்னால் உட்கார வைத்துவிடவில்லை. வானொலி, அச்சுப் புத்தகம், கையால் செய்துபார்க்கும் சோதனைகள், பக்கத்திலேயே நின்று உதவ ஒரு வழிகாட்டி என எல்லாம் சேர்ந்த பயிற்சி அது.

அடுத்து 1996 ஜனவரி. கர்நாடகத்தில் 20 மையங்களில் சுமார் 850 ஆசிரியர்கள் ஒரு வாரம் செயற்கைக்கோள் வழிப் பயிற்சிக்குக் கூடினார்கள். படம் ஒருவழி, குரல் இருவழி. வல்லுநர் திரையில் பேசுவார். வகுப்பில் தங்களுக்கு வந்த சிக்கலை ஆசிரியர்கள் அங்கிருந்தே கேட்பார்கள். செயற்கைக்கோள் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால் கேள்வி போய்ப் பதில் வர அரை நொடியாவது ஆகும். ஆனாலும் பதில் வந்தது. கல்விக்கென்றே செய்த எஜுசாட் 2004 செப்டம்பர் 20-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. தீக்ஷா 2017-ல் வந்தது. நிஷ்தா பயிற்சி 2019-ல் நேரடியாகத் தொடங்கி, 2020 அக்டோபரில் தீக்ஷாவுக்கு மாறியது. கொரோனா செய்தது அந்த மாற்றத்தை மட்டும்தான்.

நேரில் சொல்லிக்கொடுப்பதை விட இது மட்டம்தானே?

நேரடிப் பயிற்சியை நாம் சற்று உயர்த்தியே நினைக்கிறோம். மாநிலக் கருத்தாளர் மாவட்டக் கருத்தாளருக்குச் சொல்வார், அவர் வட்டாரத்துக்கு, வட்டாரத்தில் ஆசிரியர் பயிற்றுநர் குறுவள மையத்துக்கு. கல்லணையில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வந்து சேருகிற கதைதான்: 5 நாள் பயிற்சி ஒன்றரை நாளாகச் சுண்டி, பாதி நேரம் படிவம் நிரப்புவதில் போய்விடும். நெட்டில் இந்தச் சேதாரம் கிடையாது. சென்னையில் பதிவான உரை தலைஞாயிற்றில் இருப்பவருக்கும் அப்படியே கிடைக்கும். இது பெரிய லாபம்.

நட்டம் வேறு இடத்தில் இருக்கிறது. பின்னம் நடத்தும் விதத்தைச் சொல்லும் வீடியோவில் பீட்சாவை எட்டாக வெட்டிக் காட்டினால், அதை ஒரத்தநாட்டு ஆசிரியர் அப்படியே வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். அவர் வகுப்புப் பிள்ளைகள் வீட்டில் வேறு கணக்கு பேசுகிறார்கள். ஒரு வேலி 20 மா, ஒரு மா 100 குழி. அப்படியானால் ஒரு மா வேலியில் 20-ல் ஒரு பங்கு, ஒரு குழி 2,000-ல் ஒரு பங்கு. 10 மா குத்தகைக்கு எடுத்தவர் வீட்டுப் பிள்ளை யாரும் கேட்காமலே அரை வேலி என்று சொல்லும். பின்னப் பாடத்துக்கு இதைவிட நல்ல தொடக்கம் எங்கே கிடைக்கும்? ஆனால் இதைத் தன் வகுப்பில் பயன்படுத்திப் பார்த்த ஆசிரியர் யாரிடம் போய்ச் சொல்வார்? பதிவு செய்த வீடியோவுக்குக் காது இல்லை. 1996-ல் இருந்த அந்தத் திரும்பி வரும் குரல், தொழில்நுட்பம் இவ்வளவு வளர்ந்த பிறகு குறைந்துபோனதுதான் விசித்திரம்.

வீடியோவை மியூட்டில் ஓட விட்டுவிட்டு, வினாடி வினாவுக்கு விடையைக் குழுவில் வாங்கிச் சான்றிதழ் எடுத்துவிடுகிறார்களாமே?

நடக்கத்தான் செய்கிறது. ஊரறிந்த இந்த ரகசியத்தை மூடி மறைப்பதில் பயனில்லை. நிஷ்தா இணையப் பாடங்களில் 3 முயற்சிகளுக்குள் 70 விழுக்காடு எடுத்தால் சான்றிதழ். எல்லோருக்கும் ஒரே கேள்வி, பெரும்பாலும் நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் விடை. இன்ன தேதிக்குள் முடிக்க வேண்டும் என்று மேலிருந்து நினைவூட்டல். முடிக்காதவர் பட்டியல் குழுவில் வரும். காலையில் செயலியில் வருகைப் பதிவு, மதியம் எமிஸ் தளத்தில் பதிவு, இரவு சமையல் முடிந்த பிறகு இந்தப் பாடம் என்றால், கேள்வித்தாள் கேட்பதைத்தான் கொடுப்பார்கள். ஆசிரியரை மட்டும் குறை சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

தேசியக் கல்விக் கொள்கை ஓர் ஆண்டுக்கு 50 மணி நேரத் தொடர் பயிற்சி வேண்டும் என்கிறது. மணியை எண்ணுவது சுலபம். வகுப்பில் மாறியதை எண்ணுவது கடினம். கேள்வியை மாற்றினால் மோசடி தானாகவே குறையும். “இந்த வாரம் உங்கள் வகுப்பில் இதைச் செய்து பாருங்கள், எந்தப் பிள்ளை எங்கே தடுமாறியது என்று 10 வரி எழுதி, பக்கத்துப் பள்ளி ஆசிரியர் எழுதியதற்கு ஒரு பதிலும் போடுங்கள்” என்று கேட்டால், யார் விடையை யாருக்கு அனுப்ப முடியும்?

என் மகள் வீட்டிலிருந்தே ஆன்லைனில் பி.எட். முடிக்கலாமா? விளம்பரம் வருகிறதே.

பணம் கட்டாதீர்கள். ஆசிரியர் கல்விக்கான தேசிய கவுன்சிலின் 2014 விதிமுறைகளில் இருப்பவை நேரடிப் படிப்பும் தொலைநிலைப் படிப்பும்தான். தொலைநிலை பி.எட். புதிதாகப் பட்டம் முடித்தவர்களுக்கானது அல்ல. ஏற்கெனவே தொடக்க நிலை ஆசிரியர் பயிற்சியை நேரடியாக முடித்தவர்களுக்கும், அப்படிப் பயிற்சி பெற்றுப் பணியில் இருப்பவர்களுக்குமானது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் நடத்திவந்த தொலைநிலை பி.எட். அந்த வகையைச் சேர்ந்தது. மற்றவர்களுக்கு 2 ஆண்டு நேரடிப் படிப்பே வழி. அதில் பள்ளியில் செலவிட வேண்டிய காலம் மட்டும் 20 வாரம். கரும்பலகை முன்னால் நின்று 40 பிள்ளைகளைச் சமாளிப்பதை லேப்டாப் முன்னால் உட்கார்ந்து கற்க முடியாது என்ற எளிய காரணம்தான் இதற்குப் பின்னால் இருக்கிறது.

தனியார் பள்ளி ஆசிரியர்கள் ஸ்வயம் இணையதளம் வழியாக டி.எல்.எட். முடித்தார்களே, அது செல்லுமா?

அது ஒருமுறை மட்டும் திறந்த கதவு. பயிற்சி இல்லாமல் பணியில் இருந்தவர்கள் 2019 மார்ச் 31-க்குள் தகுதி பெற வேண்டும் என்று 2017-ல் சட்டம் திருத்தப்பட்டது. அதற்காகத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் (என்.ஐ.ஓ.எஸ்.) நடத்திய 18 மாதப் படிப்பு அது. லட்சக்கணக்கானோர் இணையத்திலும் தொலைக்காட்சியிலும் படித்தார்கள். அது 2 ஆண்டு டிப்ளமோவுக்குச் சமமல்ல என்று 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2017 ஆகஸ்ட் 10-ல் பணியில் இருந்து, குறித்த காலத்துக்குள் முடித்தவர்களுக்கு அது செல்லும் என்று 2024 டிசம்பரில் தெளிவுபடுத்தியது. இப்போது யாராவது அந்தப் பெயரில் சேர்க்கை நடத்தினால் ஏமாற வேண்டாம்.

நிஷ்தா சான்றிதழ்கள் நிறைய வைத்திருக்கிறேன். டெட் எழுத வேண்டாம் அல்லவா?

தொடர்பே இல்லை. பணியில் இருப்பவர்களும் தேற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1-ல் தீர்ப்பளித்தது ஆசிரியர் தகுதித் தேர்வை (டெட்) பற்றி. பயிற்சிச் சான்றிதழ் எத்தனை இருந்தாலும் அதற்கு ஈடாகாது.

வேதாரண்யம், முத்துப்பேட்டைப் பக்கம் டவரே எடுப்பதில்லை. மழைக்காலத்தில் கரண்டும் இல்லை. எங்களுக்கு எதற்கு இதெல்லாம்?

நியாயமான கேள்வி. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தபோது லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன; கிராமங்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. வடகிழக்குப் பருவமழை ஆண்டுதோறும் வருகிற மண்ணில், பயிற்சியின் கடைசித் தேதியை நவம்பர், டிசம்பரில் வைப்பதே தவறு. மற்றபடி வழிகள் உண்டு. தீக்ஷா பாடங்களைச் சிக்னல் உள்ள இடத்தில் இறக்கிக்கொண்டு, பிறகு நெட் இல்லாமலே பார்க்கலாம். அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகள் 6,029-ல் ஹைடெக் லேப் இருக்கிறது. தனியாகக் கைபேசியில் பார்ப்பதை விட அங்கே 10 பேர் சேர்ந்து பார்ப்பது மேல். பார்த்து முடித்ததும் சண்டை போட ஆள் கிடைக்கும். சொந்த டேட்டாவைச் செலவழிக்கவும் வேண்டாம். ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழை இணைப்பு கொண்டுபோகும் வேலைக்காகத் தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனமும் இருக்கிறது. கம்பி ஊராட்சி அலுவலகத்தோடு நிற்காமல் பள்ளிக்கூடம் வரை வந்ததா என்பதைக் கிராம சபையில் கேட்கலாம்.

அப்படியானால் இந்த வலையமைப்பை எதற்குத்தான் பயன்படுத்தச் சொல்கிறீர்கள்?

உரை கேட்பதற்குக் கொஞ்சம், வகுப்பைப் பார்ப்பதற்கு அதிகம். 1963-ல் ஸ்டான்ஃபோர்டில் நுண்ணிலைக் கற்பித்தல் தொடங்கியபோது செய்தது இதுதான்: பயிற்சி ஆசிரியர் சில நிமிடம் பாடம் நடத்துவார், அதைப் படம் பிடித்து அவருக்கே காட்டி, பேசி, மறுபடி நடத்தச் சொல்வார்கள். அன்று அதற்குப் பெரிய கேமரா வேண்டியிருந்தது. இன்று அது எல்லோர் சட்டைப் பையிலும் கிடக்கிறது. பேராவூரணியில் பி.எட். இன்டர்ன்ஷிப் செய்யும் மாணவி தன் பாடத்தில் 8 நிமிடத்தைப் பதிவு செய்து கல்லூரிப் பேராசிரியருக்கு அனுப்பினால், அவர் பஸ் ஏறி வந்து ஒரே ஒருநாள் பின்வரிசையில் உட்கார்ந்து போவதை விடப் பலமுறை பார்க்க முடியும். ஓராசிரியரோ ஈராசிரியரோ மட்டும் உள்ள தொடக்கப் பள்ளிகளுக்கு இது இன்னும் முக்கியம். அங்கே இருப்பவருக்குத் தன் வேலையைப் பற்றிப் பேச சக ஆசிரியரே கிடையாது.

பிள்ளைகளைப் படம் எடுப்பது சரியா?

கேமராவை ஆசிரியர் பக்கம் திருப்பி வையுங்கள். பிள்ளைகளின் முகம் தெரியும் என்றால் பெற்றோரின் ஒப்புதல் கட்டாயம். 2023-ன் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அதைத்தான் சொல்கிறது. யூடியூபில் ஏற்றவே கூடாது. பாடம் நடத்தியவரும் அதைப் பற்றிப் பேசப்போகிறவரும் பார்த்து முடித்ததும் அழித்துவிடலாம்.