ஒற்றை ஒலிவாங்கியின் முன்னே

1927-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் முதல் தேதியன்று, அமெரிக்காவில் வர்ஜீனியா, டென்னஸி என்னும் இரு மாநிலங்களின் எல்லைக்கோடு கடைத்தெருவின் நடுவிலேயே ஓடுகிற பிரிஸ்டல் என்ற ஊரில், ஒரு தொப்பிக் கம்பெனியின் கட்டடத்திலே, மலைநாட்டுக் குடும்பத்தைச் சேர்ந்த மூவர் ஓர் ஒலிவாங்கியின் முன்னே வந்து நின்றார்கள். ஏ. பி. கார்ட்டர் என்பவர் ஒருவர். அவர் மனைவி சாரா மற்றொருவர். சாராவின் ஒன்றுவிட்ட தங்கையும், கார்ட்டரின் தம்பி மனைவியுமாகிய மேபெல் மூன்றாமவர். மேபெலுக்கு அப்போது வயது 18. தலைப்பிரசவத்துக்கு ஆறு வாரமே இருந்தது. விக்டர் கம்பெனிக்காக இசைத்தட்டுப் பதிவு செய்ய வந்திருந்த ரால்ஃப் பியர், வெளிச்சத்தம் உள்ளே வராமலும் உள்ளே எழும் நாதம் சுவர்களில் மோதிச் சிதறாமலும் இருக்கும்பொருட்டு, சுற்றிலும் கம்பளிகளைத் தொங்கவிட்டிருந்தார். அக்காலத்து மின்சார மோட்டாரின் வேகத்தை நம்ப முடியாமையால், கயிற்றில் கட்டிய கனமான எடை ஒன்று மெல்ல மெல்ல இறங்க, அந்த இறக்கத்தின் விசையிலே மெழுகுத்தட்டு சுழன்றது. எடை தரையைத் தொடுவதற்குள் பாட்டு முடிந்தாக வேண்டும்.

மூன்று நாள் கழித்து ஜிம்மி ராட்ஜர்ஸ் என்னும் பாடகர் அதே இடத்தில் பாடினார். ஏறக்குறைய இரண்டு வாரத்துக்குள் 76 பதிவுகள் அங்கே நடந்தன. இவ்வளவையும் சரித்திரத்துக்காக மட்டும் நான் எடுத்துரைக்கவில்லை. கிராமியப் பாடகர் குழுவை ஒலிப்பதிவுக்கூடத்தில் எப்படி அமர்த்துவது, ஒலிவாங்கிகளை எங்கே வைப்பது என்று இன்று கேட்பவர்களுக்குச் சொல்லத்தக்க முதல் பாடம் அந்த அறையிலேயே இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

ஒலிவாங்கி ஒன்றே ஒன்று இருக்கையில், எந்தக் குரல் ஓங்க வேண்டும், எந்த வாத்தியம் அடங்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் ஒரே சாதனம் தூரந்தான். திறந்த வெளியில் ஒலிக்கும் கேட்பவனுக்கும் உள்ள தூரம் இரட்டிப்பானால் ஒலியின் அளவு 6 டெசிபல் குறைகிறது. ஆகவே ஓரடி முன்னே வருவதும் ஓரடி பின்னே நகர்வதும் இசையின் அமைப்பையே மாற்றிவிடக்கூடிய காரியங்களாகும். சாராவின் சாரீரம் நடுநாயகமாக நிற்க, மேபெல் கட்டைவிரலால் தடித்த தந்திகளில் மெட்டை வாசித்துக்கொண்டே மற்ற விரல்களால் தாளத்தை வருடிச் செல்ல, கார்ட்டர் தமக்குத் தோன்றிய இடத்தில் மட்டும் வந்து கலந்துகொள்ள, அவர்கள் வீட்டுத் திண்ணையில் எப்படிப் பாடினார்களோ அந்த நிலையிலேயே அத்தட்டுகளில் பதிந்திருக்கிறார்கள். பின்னாளில் பில் மன்ரோ முதலிய புளூகிராஸ் இசைக்காரர்கள் நாஷ்வில் வானொலி மேடையில் ஒலிவாங்கியை நெருங்கியும் விலகியும் வாசிக்கும் இம்முறையை ஒரு கலையாகவே வளர்த்தார்கள்: தன் முறை வந்ததும் பிடில்காரர் ஒலிவாங்கியை நோக்கி நுழைவார், அவர் விலகும் கணத்திலே பாஞ்சோக்காரர் அவ்விடத்தை நிரப்புவார், வில்லின் நுனி யார்மீதும் பட்டதில்லை.

இன்றைய ஒலிப்பதிவுக்கூடத்தின் சௌகரியங்கள் வேறு. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனி ஒலிவாங்கி வைக்கலாம். ஒவ்வொருவரையும் கண்ணாடித் தடுப்புள்ள தனியறையில் உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, தனித்தனி டிராக்கில் பதிவுசெய்து, பிழைபட்டதை மட்டும் திருத்தி, பிறகு நிதானமாகக் கலந்துகொள்ளலாம். சினிமாப் பாட்டுக்கு இம்முறை மிகவும் உகந்தது. ஆனால் முன்பின் எழுதிவைக்காத இசையை, ஒருவர் மூச்சை இழுப்பதைக் கண்டு மற்றவர் தொடங்கும் பழக்கத்தினாலேயே பல தலைமுறைகளாகக் கட்டிக்காத்து வந்த குழுவினரை அப்படிப் பிரித்து வைத்தால், சுருதி பிசகாது, தாளமும் தவறாது, உயிர் மாத்திரம் வெளியே நின்றுவிடும். அவர்களை அரைவட்டமாக, முகத்துக்கு முகம் தெரியும்படி ஒரே அறையில் அமர்த்துவதே முறை என்பதை நான் உறுதியாகச் சொல்லுவேன்.

அப்படி அமர்த்தினால் ஒரு சிக்கல் எழும். பிடிலின் ஒலி தன் ஒலிவாங்கிக்குள் நுழைவதோடு, சற்றுப் பிந்தி அடுத்திருக்கும் கிதாரின் ஒலிவாங்கிக்குள்ளும் நுழையும். வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும் ஒலிக்கு, 34 சென்டிமீட்டரைக் கடக்க ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு வேண்டியிருக்கிறது. இந்த அற்பமான தாமதத்தோடு ஒரே நாதத்தின் இரு பிரதிகள் கலக்கும்போது, ஒன்றின் மேடு மற்றொன்றின் பள்ளத்தில் விழுந்து, சில சுரங்கள் அழிந்து, சில சுரங்கள் தடித்து, பிடில் ஏதோ தகரக் குழாய்க்குள்ளிருந்து அழுவதுபோல் கேட்கும். ஆகையால் அனுபவசாலிகள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: வாத்தியத்துக்கும் அதன் ஒலிவாங்கிக்கும் இடையே ஒரு முழம் இருந்தால், அடுத்த ஒலிவாங்கி மூன்று முழத்துக்கு அப்பாலாவது இருக்க வேண்டும்.

எங்கே வைப்பது என்பது அந்தந்த வாத்தியத்தின் சுபாவத்தைப் பொறுத்தது. கிதாரின் வட்டத் துவாரத்திலிருந்துதான் ஒலி புறப்படுகிறது என்று எண்ணி அதற்கு நேரே வைப்பவர்கள், பானைக்குள் காற்று முழங்குவது போன்ற கனத்த அதிர்வையே பெறுவார்கள். கழுத்தும் உடலும் கூடுமிடத்துக்கு அருகிலுள்ள பன்னிரண்டாம் கட்டையை நோக்கி ஒரு சாண் அல்லது இரண்டு சாண் தள்ளி வைத்தால் தந்தியின் தெளிவும் மரத்தின் இனிமையும் சேர்ந்து கிடைக்கும். பிடிலின் நாதம் அதன் மேற்பலகையிலிருந்து மேல்நோக்கி எழுவது. மிக அருகில் போனால் வில் உராய்வதே மேலோங்கும் என்பதால், வாசிப்பவரின் தலைக்குச் சற்று மேலிருந்து கேட்க வேண்டும். டபுள் பாஸின் தணிந்த தந்தி வினாடிக்கு 41 முறை அதிர, அதன் அலை எட்டு மீட்டருக்கு மேல் நீளமுள்ளதாய் அறையெங்கும் பரவி, எல்லா ஒலிவாங்கிகளிலும் புகுந்துவிடும். அதைத் தடுக்க முயல்வதைவிட, அது நன்றாகக் கேட்கும் இடத்தை அறைக்குள் தேடி அங்கே அதை நிறுத்துவது மேல்.

கிதாரை வாசித்துக்கொண்டே பாடுகிறவர்தாம் ஒலிப்பதிவாளரின் பொறுமையைச் சோதிப்பவர். வாய்க்கும் வாத்தியத்துக்கும் இடையே ஒரு முழத் தூரமே இருக்கிறது. இதற்கு ஓர் அழகிய உபாயம் உண்டு. சிலவகை ஒலிவாங்கிகள் முன்னும் பின்னும் கேட்கும், பக்கவாட்டில் செவிடு. அத்தகைய ஒன்றைப் பாடகரின் வாயை நோக்கியும் மற்றொன்றைக் கிதாரை நோக்கியும் வைத்து, முதலாவதன் செவிட்டுப் பக்கம் கிதாரின் மேலும், இரண்டாவதன் செவிட்டுப் பக்கம் வாயின் மேலும் படும்படி சாய்த்துவிட்டால், தடுப்பொன்றும் இல்லாமலே குரலும் தந்தியும் பெரும்பாலும் பிரிந்து நிற்கும். எதைக் கேட்கவேண்டும் என்பதைப்போலவே எதைக் கேட்கவேண்டாம் என்பதும் ஒலிவாங்கியை வைப்பதன் சூட்சுமம் என்பதை இதிலிருந்து அறியலாம்.

நம் நாட்டு நையாண்டி மேளத்தை நினைக்கும்போது தூரத்தின் இக்கணக்கு இன்னும் கடுமையாகிறது. நாகசுரமும், தவிலும், பம்பையும், தமுக்கும் திருவிழாக் கூட்டத்தைத் தாண்டித் தெருக்கோடிவரை கேட்பதற்கென்றே அமைந்தவை. வலந்தலையில் விரற்கூடுகளும் இடந்தலையில் கோலும் விழுகிற தவிலின் பக்கத்தில் ஒரு சாண் தூரத்தில் ஒலிவாங்கியை நிறுத்தினால், தோலில் அடிவிழும் சத்தம் கிடைக்குமே தவிர, நாம் தெருவில் நின்று கேட்ட தவில் கிடைக்காது. அதற்கு உயரமான கூரையுள்ள பெரிய அறை வேண்டும். ஒலிவாங்கி பல அடி விலகி நிற்க வேண்டும். பறையைத் தீயில் காய்ச்சி வாசிக்கும் கலைஞர்கள் குளிரூட்டிய கூடத்துக்கு வரும்போது, தோல் தளரத் தளர நாதம் இறங்கிவிடுகிறது. மறுபடி காய்ச்சிவர அவர்களுக்கு இடமும் நேரமும் கொடுப்பது, விலையுயர்ந்த கருவி வாங்குவதைக் காட்டிலும் முந்திய கடமை என்பேன்.

இவையெல்லாம் முடிந்தபின் கவனிக்க வேண்டிய சில்லறைக் காரியங்கள் உண்டு. தாளம் தட்டும் காலின் கீழே ஜமக்காளம் விரிக்க வேண்டும்; கிறீச்சிடும் நாற்காலியை அப்புறப்படுத்த வேண்டும்; குளிரூட்டியைப் பாட்டு முடியும்வரை நிறுத்திவைக்க வேண்டும். வந்ததும் வராததுமாகப் பதிவைத் தொடங்காமல், நன்றாகப் பழகிய பாட்டொன்றை முதலில் வாசிக்கச் சொல்லி, ஒலிப்பதிவாளர் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, அறைக்குள் மெல்ல நடந்து, எந்த இடத்தில் நிற்கும்போது குழு முழுவதும் ஒன்றாய்த் தம்மை வந்து அடைகிறது என்று தேட வேண்டும். அந்த இடத்தைக் கண்டபின்னரே முதல் ஒலிவாங்கியை அங்கே நிறுத்த வேண்டும்; மற்றவை அதற்குத் துணை.

பிரிஸ்டலில் மெழுகுத்தட்டை உடனே போட்டுக் கேட்டால் பள்ளங்கள் தேய்ந்து கெட்டுவிடும். ஆகவே கார்ட்டர் குடும்பத்தினர் ஊர்திரும்ப, அவர்கள் பாடியது தட்டாகி வெளிவர அவ்வாண்டு நவம்பர் ஆயிற்று. இன்றைய கூடத்தில் இறங்கும் எடையும் இல்லை, காத்திருப்பும் இல்லை. கடைசிச் சுரம் வாசித்தாயிற்று என்று கலைஞர்கள் கையை எடுக்க முனைகையில், ஒலிப்பதிவாளர் கண்ணாடிக்கு அப்பாலிருந்து உள்ளங்கையை உயர்த்தி அசையாதிருக்கச் சொல்லுகிறார்; பாஸின் தந்தி அடங்கி, அறை அடங்கி, ஒன்றுமே கேளாத பின்புதான் அந்தக் கை இறங்குகிறது.