பழைய தோட்டப் படங்களை லினக்ஸில் பத்திரமாக நகலெடுப்பது எப்படி?

நெகிரி செம்பிலானில் நீலாய், ரந்தாவ், பகாவ் வட்டாரங்களில் பல ரப்பர் தோட்டங்கள் செம்பனைத் தோட்டங்களாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. லயத்து வீடு, கோயில் திருவிழா, தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி என நம்ம தோட்டத்துப் படங்கள் இன்று உங்கள் வீட்டுப் பழைய கணினியில் மட்டுமே இருக்கலாம்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்தது. அதனால் அந்தக் கணினியில் லினக்ஸ் போட நினைக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்க. நிறுவும்போது வன்தட்டு அழிந்துபோக வாய்ப்புண்டு. லினக்ஸ் மின்ட் போன்றவற்றை நிறுவாமலே விரலியிலிருந்து இயக்கலாம். அப்படி இயக்கி, முதலில் படங்களை வெளி வன்தட்டுக்கு நகலெடுங்கள்.

இதற்கு இரட்டைப் பலகம் எதற்கு?

ஒரே திரையில் இரண்டு கோப்புறைகள் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். இடப்பக்கம் பழைய கணினி, வலப்பக்கம் வெளி வன்தட்டு. எது எங்கே போகிறது என்ற குழப்பம் வராது. 1986-இல் ஜான் சோஷா உருவாக்கிய நார்ட்டன் கமாண்டர் இம்முறையைப் பிரபலமாக்கியது.

எதைத் தேர்வு செய்யலாம்?

• நெமோ, டால்ஃபின்: மின்ட் சினமன் பதிப்பில் நெமோவும், கேடிஇ-யில் டால்ஃபினும் ஏற்கெனவே இருக்கும். எஃப்3 விசையை அழுத்தினால் திரை இரண்டாகப் பிரியும். உபுண்டுவின் 'ஃபைல்ஸ்' செயலியில் இவ்வசதி இல்லை.

• டபுள் கமாண்டர்: விண்டோஸில் டோட்டல் கமாண்டர் பழகியவர்களுக்கு இது எளிது. டோட்டல் கமாண்டருக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது.

• குருசேடர்: இரு கோப்புறைகளை ஒப்பிட்டு, விடுபட்டதைக் காட்டும்.

• மிட்நைட் கமாண்டர்: மிகேல் டி இகாசா 1994-இல் தொடங்கியது. எழுத்துத் திரையில் ஓடுவதால் மெதுவான கணினிக்கும் போதும்.

எதில் கவனம் தேவை?

கடைசி மூன்றிலும் எஃப்5 நகலெடுக்கும், எஃப்6 இடம் மாற்றும், எஃப்8 அழிக்கும். எஃப்6 வேண்டாம், எஃப்5 மட்டும் போதும். மிட்நைட் கமாண்டரில் அழித்தது குப்பைத்தொட்டிக்குப் போகாது, போனால் போனதுதான்.

நகலெடுத்ததும் இரு பக்கத்திலும் கோப்புகளின் எண்ணிக்கையையும் அளவையும் ஒப்பிடுங்கள். சில படங்களைத் திறந்தும் பாருங்கள். வன்தட்டைச் சட்டென்று பிடுங்காதீர்கள். லினக்ஸ் சில தரவுகளை நினைவகத்தில் வைத்துப் பிறகுதான் எழுதும். 'பாதுகாப்பாக அகற்று' கொடுத்த பிறகே கழற்றுங்கள்.

இன்னொரு நகலை உறவினர் வீட்டில் வையுங்கள். அதற்குப் பிறகு தைரியமாக லினக்ஸ் போடலாம்.