கால் உயரம் டீசல் இருந்தால் கால் டேங்க் ஆகுமா?

பெட்ரோல் பங்கில் மண்ணுக்கடியில் படுக்கைவாட்டில் கிடக்கும் உருளை டேங்கின் விட்டம் 2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அளவுகோலை இறக்கினால் அரை மீட்டர் நனைகிறது. உயரத்தில் இது கால்வாசி; டீசலோ 19.6 சதவீதம்தான். அடிப்பக்கம் குறுகல் என்பது பார்த்தாலே தெரியும். எவ்வளவு குறைவு என்பதை வட்டத்துண்டின் பரப்புதான் சொல்லும். டீசலின் மேல்மட்டம் ஒரு நாண். அதன் இரு முனைகளையும் மையத்தோடு இணைத்தால் வட்டக்கோணப்பகுதி கிடைக்கும். அதிலிருந்து முக்கோணத்தைக் கழித்தால் மிஞ்சுவது டீசல் நிற்கும் வட்டத்துண்டு. வில்லின் நீளத்தை ஆரத்தால் வகுத்தால் வருவதே ரேடியன் என்பதால், ஆர வர்க்கத்தின் பாதியைக் கோணத்தால் பெருக்கினால் முதல் பரப்பு, அதே பாதியைக் கோணத்தின் சைனால் பெருக்கினால் இரண்டாவது. இங்கே கோணம் 120 பாகை, அதாவது 2.094 ரேடியன்; சைன் 0.866, வித்தியாசத்தில் பாதி 0.614 சதுர மீட்டர். முழு வட்டம் 3.142.

பாகையில் போட்டால் ஆகாதா? ஆகும், ஆனால் கோணத்தை முதலில் 180ஆல் வகுத்து πயால் பெருக்க வேண்டும். அதாவது ரேடியனாக மாற்றித்தான் தீர வேண்டும். மறந்துவிட்டு 120இலிருந்து 0.866ஐக் கழித்தால் வட்டத்தைவிடப் பெரிய துண்டு வரும்! டேங்க் பாதிக்கு மேல் நிரம்பினால் முக்கோணத்தைக் கூட்ட வேண்டுமே என்று கேட்கலாம். கோணம் πயைத் தாண்டியதும் சைன் எதிர்மறையாகிவிடுகிறது. கழித்தல் தானாகவே கூட்டலாகும்.