60 கோடி நம்பருக்கு ஒரே வீடு! பண்ணை வீட்டை ஆட்டிப் படைத்த கம்ப்யூட்டர் கணக்கு

அமெரிக்காவில் ஒரு பண்ணை வீடு. சுற்றிலும் வயல், மேய்ச்சல் நிலம். அருகில் இருப்பது சின்னஞ்சிறு ஊர். அங்கே குடியிருந்தவர்கள் ஒரு குற்றமும் செய்யாதவர்கள். ஆனாலும் சுமார் 10 ஆண்டு காலம் அந்த வீட்டுக்குப் போலீஸ் வந்தது. எப்.பி.ஐ. வந்தது. ஆம்புலன்சு வந்தது. ஆத்திரத்தோடு முன்பின் தெரியாத ஆட்களும் வந்தார்கள்.

எல்லோரும் சொன்னது ஒன்றுதான். தாங்கள் தேடும் ஆசாமி இந்த வீட்டில்தான் இருக்கிறான் என்று கம்ப்யூட்டர் காட்டுகிறது என்றார்கள்.

கம்ப்யூட்டர் காட்டியது உண்மை. அந்த வீட்டில் அப்படி ஒரு ஆசாமி இல்லை என்பதும் உண்மை. இதன் விவரம் வருமாறு:-

வாசலில் உடைந்த கழிப்பறைப் பீங்கான்

கான்சாஸ் மாநிலத்தில் போட்வின் என்று ஒரு ஊர். மக்கள்தொகை 500-ஐத் தாண்டாது. அதன் அருகே ஒரு வயதான பெண்மணிக்குச் சொந்தமாக 360 ஏக்கர் நிலம் இருந்தது. 100 ஆண்டுகளுக்கு மேலாக அவரது குடும்பத்துச் சொத்து. பெண்மணி வேறு ஊரில் குடியிருந்து கொண்டு, பண்ணை வீட்டை வாடகைக்கு விட்டிருந்தார்.

குடியிருக்க வந்தவர்களுக்கு நிம்மதி இல்லை. ஓடிப்போன பிள்ளைகளைத் தேடி போலீசார் கதவைத் தட்டினார்கள். தற்கொலை செய்துகொள்ளப் போவதாகச் சொன்ன முன்னாள் ராணுவ வீரரைக் காப்பாற்ற ஆம்புலன்சு ஓடி வந்தது. வரி ஏய்ப்பு என்று வரித்துறை அதிகாரிகள் வந்தனர். கம்ப்யூட்டர் மூலம் பணத்தைச் சுருட்டியது இந்த வீட்டுக்காரர்கள்தான் என்று பணத்தைப் பறிகொடுத்தவர்கள் சண்டைக்கு வந்தார்கள்.

சிலர் சொல்லாமல் கொள்ளாமல் கொட்டகைக்குள் புகுந்து தேடினார்கள். வீட்டு ஆட்களின் பெயரையும் விலாசத்தையும் ஊரறிய வெளியிட்டு, இவர்கள் மோசடிக்காரர்கள் என்று எழுதினார்கள். ஒரு பேர்வழி உடைந்த கழிப்பறைப் பீங்கானைக் கொண்டு வந்து வீட்டுப் பாதையில் போட்டுவிட்டுப் போனான். மிரட்டலா, கிண்டலா, யாருக்கும் புரியவில்லை.

2011-ம் ஆண்டு ஒரு குடும்பம் அங்கே வாடகைக்கு வந்தது. குடியேறிய முதல் வாரத்திலேயே, காணாமல் போன ஒரு லாரியைத் தேடி போலீசார் வந்து நின்றதாக அவர்கள் பிற்பாடு கோர்ட்டு மனுவில் கூறினார்கள்.

அந்தப் பகுதிக்கு பட்லர் கவுண்டி என்று பெயர். அதன் ஷெரீப்பின் பாடு பெரும்பாடாகிவிட்டது. ஷெரீப் என்றால் அந்த வட்டாரப் போலீஸ் தலைவர். வெளியூர் போலீசிடம் இருந்து ஒரு வீட்டைக் காப்பாற்றுவதும் அவர் வேலையாகிப் போனது. யாரும் வீட்டை நெருங்க வேண்டாம், சந்தேகம் இருந்தால் தன்னைக் கூப்பிடுங்கள் என்று பாதை முனையில் ஒரு போர்டே நட்டு வைத்தார்.

ஏன் இந்த வீடு? வீட்டுக்காரருக்கும் தெரியவில்லை. ஷெரீப்புக்கும் தெரியவில்லை.

ஐ.பி. நம்பர் என்பது என்ன?

முடிச்சு அவிழ வேண்டுமானால் ஒரு விஷயத்தைத் தெரிந்து கொள்ள வேண்டும்.

இன்டர்நெட்டில் சேரும் ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு நம்பர் உண்டு. அதற்கு ஐ.பி. நம்பர் என்று பெயர். 4 பகுதியாக இருக்கும். நடுவில் புள்ளி. ஒவ்வொரு பகுதியும் 0-ல் இருந்து 255 வரை. இந்தப் பழைய முறையில் மொத்தம் சுமார் 430 கோடி நம்பர்கள்தான் உண்டு. போதவில்லை என்று நீளமான புது நம்பர்களும் இப்போது புழக்கத்தில் உள்ளன.

தபால் உறையில் விலாசம் எழுதுவது போலத்தான். நீங்கள் ஒரு படத்தையோ கடிதத்தையோ கேட்டால், அதை எங்கே அனுப்புவது என்று எதிர்முனைக் கம்ப்யூட்டருக்குத் தெரிய வேண்டும் அல்லவா? அதற்குத்தான் இந்த நம்பர்.

ஆனால் அதில் தெருப் பெயர் கிடையாது. கதவு எண் கிடையாது. உலகத்தை 5 வட்டாரமாகப் பிரித்து, 5 பதிவு அமைப்புகள் இந்த நம்பர்களைக் கட்டுக்கட்டாகக் கம்பெனிகளுக்கு ஒதுக்குகின்றன. இன்டர்நெட் கம்பெனி அதில் இருந்து ஒன்றை எடுத்து வாடிக்கையாளருக்குக் கொடுக்கிறது. இன்று உங்களிடம் இருந்த நம்பர் நாளை பக்கத்துத் தெருக்காரரிடம் இருக்கலாம். செல்போன் கம்பெனிகளோ ஒரே நம்பரைப் பல பேருக்குப் பங்கு போட்டுக் கொடுப்பதும் உண்டு.

044 என்று தொடங்கும் டெலிபோன் என்றால் சென்னை என்று சொல்லிவிடலாம். தண்டையார்பேட்டையா, தாம்பரமா? அந்த 044-ஐ மட்டும் பார்த்துச் சொல்ல முடியுமா? முடியாது. ஐ.பி. நம்பரும் கிட்டத்தட்ட அப்படித்தான். 044-க்கு உள்ள நிலையான ஊர்க் கட்டுப்பாடுகூட அதற்குக் கிடையாது.

ஊரைக் கண்டுபிடிப்பது எப்படி?

பிறகு எப்படி ஊரைக் கண்டுபிடிக்கிறார்கள்? இதற்கென்றே கம்பெனிகள் இருக்கின்றன. எந்தக் கட்டு நம்பர் எந்தக் கம்பெனிக்குப் போனது என்று பதிவேட்டில் பார்க்கிறார்கள். அந்தக் கம்பெனி எந்த ஊரில் இணைப்புக் கொடுக்கிறது என்று விசாரிக்கிறார்கள். வாடிக்கையாளர்கள் தாங்களே எழுதிக் கொடுத்த ஊர்ப் பெயர்களையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். எல்லாவற்றையும் சேர்த்து, இந்த நம்பர் இந்த ஊர்ப் பக்கம் இருக்கலாம் என்று ஒரு பட்டியல் தயாரித்து விற்கிறார்கள்.

விளம்பரம் போடுகிறவர்களுக்கு இது வரப்பிரசாதம். அந்தந்த ஊருக்குத் தகுந்த விளம்பரம் காட்டலாம். பாங்கியில் உள்ளூர்க்காரர் கணக்கில் திடீரென்று வெளிநாட்டு நம்பரில் இருந்து யாராவது நுழைந்தால் உஷாராகலாம். நாடு எது என்பது பெரும்பாலும் சரியாக வரும். ஊர் என்று வரும்போது தடுமாறும். தெரு, வீடு என்பதெல்லாம் இந்தப் பட்டியலின் வேலையே அல்ல.

செல்போனில் உள்ள ஜி.பி.எஸ். வேறு. அது செயற்கைக்கோளின் சிக்னலைப் பிடித்து சில மீட்டர் வித்தியாசத்தில் இடத்தைச் சொல்லும். ஐ.பி. நம்பருக்கும் அதற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

தெரியாது என்பதற்கு ஒரு புள்ளி

பட்டியல் விற்கும் கம்பெனிகளில் ஒன்று மேக்ஸ்மைண்ட். மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்தது. 2002-ம் ஆண்டு தாமஸ் மேத்தர் என்பவர் தொடங்கினார். ஆயிரக்கணக்கான கம்பெனிகள் இதன் பட்டியலை வாங்கிப் பயன்படுத்தின.

இங்கேதான் வினை ஆரம்பம். சில நம்பர்களைப் பற்றி, அமெரிக்காவில் இருக்கிறது என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கலாம். அப்படிச் செய்யாமல், நாட்டின் மையப் புள்ளியைப் போடுவது என்று தீர்மானித்தார்கள்.

அமெரிக்காவின் மையம் கான்சாஸ் மாநிலத்தின் வடக்குப் பகுதியில் இருப்பதாகக் கணக்கு. வடக்கு அட்சரேகை 39 டிகிரி 50 நிமிடம். மேற்கு தீர்க்கரேகை 98 டிகிரி 35 நிமிடம். இப்படி இழுத்து எழுதுவானேன் என்று முழு எண்ணாக மாற்றினார்கள். வடக்கு 38, மேற்கு 97 என்று போட்டார்கள். உண்மையான மையத்தில் இருந்து இது சுமார் 240 கிலோ மீட்டர் தள்ளிப் போய்விட்டது.

அந்தப் புள்ளி விழுந்த இடம்தான் பண்ணை வீடு!

இடம் தெரியாத ஒவ்வொரு அமெரிக்க நம்பரும் அந்த வீட்டு வாசலில் போய்ச் சேர்ந்தது. 2016-ல் கணக்குப் பார்த்தபோது அப்படிச் சேர்ந்த நம்பர்கள் 60 கோடிக்கு மேல்! பழைய முறையில் உலகில் உள்ள மொத்த நம்பர்களில் ஏறக்குறைய 7-ல் ஒரு பங்கு.

எங்கோ ஒரு மூலையில் உட்கார்ந்து ஒருவன் மோசடி செய்வான். அவனுடைய நம்பரை எடுத்து, பாதிக்கப்பட்டவர் பட்டியலில் தட்டிப் பார்ப்பார். வரைபடத்தில் ஒரு ஊசி குத்தி நிற்கும். பெரிதாக்கிப் பார்த்தால் ஒரு கூரை தெரியும். அகப்பட்டான் என்று காரை எடுத்துக் கொண்டு கிளம்பிவிடுவார்.

"அமெரிக்காவில் எங்கோ இருக்கிறான்" என்பதுதான் பட்டியல் சொன்ன சேதி. பார்த்தவர் கண்ணுக்கு அது "இந்த வீட்டில் இருக்கிறான்" என்று தெரிந்தது.

பெண் நிருபர் துலக்கிய துப்பு

இந்த மர்மத்தை உடைத்தது போலீஸ் அல்ல. காஷ்மீர் ஹில் என்ற பெண் நிருபர். ஒரே இடத்தில் அளவுக்கு மீறி நம்பர்கள் குவிந்து கிடக்கும் புள்ளிகள் எவை என்று ஒரு கம்ப்யூட்டர் நிபுணர் மூலம் அலசினார். முதல் புள்ளி போட்வின் பண்ணை. 2016 ஏப்ரலில் அவர் செய்தி வெளியிட்டார். தன் வீட்டுக்கு ஏன் இத்தனை பேர் வந்தார்கள் என்ற காரணமே அந்த வயதான பெண்மணிக்கு நிருபர் சொல்லித்தான் தெரிந்தது.

வர்ஜீனியா மாநிலத்து ஆஷ்பர்ன் ஊரிலும் ஒரு வீட்டுக்கு இதே கதி. அந்த ஊரில் பெரிய பெரிய டேட்டா சென்டர்கள் உண்டு. அவற்றின் நம்பர்கள் எல்லாம் ஒரு தனி மனிதரின் வீட்டு மேலே ஏறிவிட்டன. திருட்டுப் போன அரசாங்க லேப்டாப் ஒன்றைத் தேடி அவர் வீட்டுக்குப் போலீஸ் வந்தது.

தங்கள் பட்டியல் ஊரையும் பின்கோடு வட்டாரத்தையும் காட்டத்தான், வீட்டைக் கண்டுபிடிக்க அல்ல என்பது மேக்ஸ்மைண்ட் தரப்பு வாதம். ஆனாலும் புள்ளியை மாற்ற ஒப்புக் கொண்டது. புதுப் புள்ளியை எங்கே வைத்தார்கள் தெரியுமா? கான்சாஸில் விசிட்டா நகருக்கு மேற்கே உள்ள சேனி நீர்த்தேக்கத்தில்! தண்ணீருக்கு நடுவே யார் போய்க் கதவைத் தட்ட முடியும்?

2016 ஆகஸ்டில் பண்ணை வீட்டில் குடியிருந்தவர்கள் கம்பெனி மீது நஷ்ட ஈடு கேட்டு வழக்குத் தொடர்ந்தார்கள்.

தென்னாப்பிரிக்காவிலும் இதே கதை

புள்ளியை மாற்றியதோடு தொல்லை தீர்ந்ததா? தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா நகரிலும் ஒரு வீடு மாட்டிக் கொண்டிருந்தது. ஊர் மட்டும் தெரிந்த நம்பர்களுக்கு நகரத்தின் மையம் என்று ஒரு புள்ளி வேண்டும் அல்லவா? அமெரிக்க அரசின் வரைபட உளவு அமைப்பு ஒன்று பிரிட்டோரியாவுக்குக் குறித்து வைத்திருந்த புள்ளியை எடுத்துப் பயன்படுத்தினார்கள். அது ஒரு வயதான தாயும் மகனும் சம்பந்தப்பட்ட வீட்டின் மேல் விழுந்தது.

செல்போனைப் பறிகொடுத்தவர்கள் வந்தார்கள். கூடவே போலீசும் வந்தது. 2019-ல் அதே காஷ்மீர் ஹில் இதையும் அம்பலப்படுத்தினார். அதன் பிறகு புள்ளி மாற்றப்பட்டது.

முறையாகப் பிடிப்பது எப்படி?

அப்படியானால் ஐ.பி. நம்பரை வைத்து யாரையும் பிடிக்க முடியாதா? முடியும். ஆனால் அதற்கு ஒரு முறை இருக்கிறது.

நம்பரோடு தேதி, மணி, நிமிடம், விநாடி வேண்டும். அந்த நேரத்தில் அந்த நம்பர் எந்தக் கம்பெனி வசம் இருந்தது என்று பார்க்க வேண்டும். சட்டப்படி அந்தக் கம்பெனிக்கு ஓலை அனுப்ப வேண்டும். கம்பெனி தன் பதிவேட்டைப் பார்த்து, இந்த விநாடியில் இந்த நம்பர் இன்ன வாடிக்கையாளரிடம் இருந்தது என்று சொல்லும். அங்கேதான் பெயரும் விலாசமும் கிடைக்கும். வரைபடத்தில் அல்ல.

அதோடும் முடிந்துவிடவில்லை. பில் கட்டுகிறவர் ஒருவர். இணைப்பைப் பயன்படுத்துகிறவர்கள் நாலு பேர். வைபை பாஸ்வேர்டைப் பக்கத்து வீட்டுப் பையனுக்குச் சொல்லியிருப்பார். விவரமான கில்லாடிகள் வி.பி.என். என்ற ஏற்பாட்டின் மூலம் வேறு நாட்டு நம்பரைப் போர்த்திக் கொண்டு வருவதும் உண்டு. ஆகவே வேறு சாட்சியமும் தேட வேண்டும்.

அமெரிக்காவின் எலக்ட்ரானிக் பிராண்டியர் பவுண்டேஷன் என்ற அமைப்பு 2016-ல் இதைப் பற்றி ஒரு அறிக்கை வெளியிட்டது. பெயர் சொல்லாத ஆள் கொடுக்கும் துப்பை எப்படிச் சரிபார்க்காமல் நம்பக் கூடாதோ, அப்படித்தான் ஐ.பி. நம்பரையும் போலீசும் கோர்ட்டும் பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம்.

ஐ.பி. இடப் பட்டியலில், எத்தனை கிலோ மீட்டர் முன்னே பின்னே இருக்கலாம் என்ற எண்ணையும் இப்போது சேர்த்தே தருகிறார்கள். ஊசியைப் பார்ப்பவர்கள் அந்த எண்ணையும் பார்க்க வேண்டும்.

நமக்கு என்ன?

இந்த நம்பர் முறை உலகம் பூராவும் ஒன்றுதான். சென்னையில் பஸ்சில் போய்க் கொண்டே செல்போனைப் பார்ப்பவரை வேறு ஊரில் இருப்பதாகவும் பட்டியல் காட்டலாம். செல்போன் கம்பெனியின் வாசல் எந்த ஊரில் இருக்கிறதோ, அந்த ஊரையே அது பிடித்துக் கொள்ளும்.

ஆன்லைனில் பணம் போய்விட்டதா? ஐ.பி. நம்பரை நீங்களே தட்டிப் பார்த்துவிட்டு ஆள் சேர்த்துக் கொண்டு கிளம்ப வேண்டாம். உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். பணம் போன நேரம், வந்த மெசேஜ், பாங்கி விவரம் எல்லாவற்றையும் அழிக்காமல் வைத்திருங்கள். விநாடி சுத்தமாக நேரம் தெரிந்தால்தான் கம்பெனிப் பதிவேட்டில் ஆளைத் தேட முடியும்.

வரைபடத்தில் ஊசி குத்திய வீட்டுக்காரர் உங்களைப் போலவே ஒன்றும் அறியாதவராக இருக்கலாம். அவர் வீட்டுக் கதவைத் தட்டும் முன் அந்தக் கான்சாஸ் பண்ணைக்காரர்களை ஒரு முறை நினைத்துக் கொள்ளுங்கள்.