32 வருஷம் ஒலிம்பிக்கில் ஆடாத தென்னாப்பிரிக்கா... காரணம் என்ன? சென்னை சகோதரர்கள் ஃபைனலை இழந்தது ஏன்?

ஓட்டம், நீச்சல் என ஒலிம்பிக்கில் பதக்கம் அள்ளும் நாடு தென்னாப்பிரிக்கா. ஆனா 1960 ரோம் ஒலிம்பிக்கிற்குப் பிறகு 32 ஆண்டுகள் அந்த நாட்டு அணி ஒலிம்பிக் பக்கமே வர முடியவில்லை. அப்படி என்ன நடந்தது?

தடை எதற்கு?

1948-ல் தென்னாப்பிரிக்காவில் நிறவெறி அரசுக் கொள்கையானது. கறுப்பினத்தவரும் இந்திய வம்சாவளியினரும் எவ்வளவு திறமை காட்டினாலும் தேசிய அணியில் இடமில்லை. வெள்ளையருக்கு மட்டும்தான். இதைக் கைவிட மறுத்ததால் 1964 டோக்கியோ ஒலிம்பிக்கிற்கான அழைப்பு ரத்தானது. 1968-ல் மீண்டும் அழைப்பு போனதும், 'நாங்க வரமாட்டோம்' என ஆப்பிரிக்க நாடுகள் எச்சரித்தன. அழைப்பு வாபஸ் ஆனது. 1970-ல் ஒலிம்பிக் அமைப்பிலிருந்தே தென்னாப்பிரிக்கா நீக்கப்பட்டது.

மற்ற நாடுகளுக்கும் பாதிப்பா?

ஆமாம். 1976-ல் நியூசிலாந்து ரக்பி அணி தென்னாப்பிரிக்காவுக்குச் சென்று விளையாடியது. அந்த நியூசிலாந்தை ஒலிம்பிக்கில் அனுமதித்ததால், 20-க்கும் மேற்பட்ட நாடுகள் மான்ட்ரியல் ஒலிம்பிக்கைப் புறக்கணித்தன. பெரும்பாலும் ஆப்பிரிக்க நாடுகள். பல வருஷம் பயிற்சி எடுத்த வீரர்கள் ஓடாமலே ஊர் திரும்பினார்கள்.

இந்தியா என்ன செய்தது?

1974 டேவிஸ் கோப்பை டென்னிஸ். சென்னையின் விஜய் அமிர்தராஜ், ஆனந்த் அமிர்தராஜ் சகோதரர்கள் இருந்த இந்திய அணி, ஆஸ்திரேலியாவையும் சோவியத் யூனியனையும் வீழ்த்தி ஃபைனலுக்குப் போனது. எதிரணி தென்னாப்பிரிக்கா. நிறவெறியை எதிர்த்து இந்தியா விளையாட மறுத்தது. ஒரு பந்துகூட அடிக்காமல் கோப்பை தென்னாப்பிரிக்காவுக்குப் போனது.

யார் இந்த ராம்சாமி?

டர்பனில் பிறந்த இந்திய வம்சாவளி ஆசிரியர் சாம் ராம்சாமி. நம்ம ஊர் ராமசாமிதான் அங்கே ராம்சாமி! லண்டனில் இருந்தபடி, தடை நீடிக்க வேண்டும் என நாடு நாடாகப் பேசியவர். 1991-ல் நிறவெறிச் சட்டங்கள் ஒவ்வொன்றாக நீக்கப்பட்டதும் தடை விலகியது. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கிற்கு அணியை அழைத்துச் சென்ற ஒலிம்பிக் கமிட்டித் தலைவரும் அவரேதான்!

திரும்பி வந்த பிறகு?

பார்சிலோனாவில் பெண்கள் 10,000 மீட்டரில் எத்தியோப்பியாவின் டெரார்டு துலு தங்கம் வென்றார். தென்னாப்பிரிக்காவின் எலானா மெயருக்கு வெள்ளி. கறுப்பின வீராங்கனையும் வெள்ளையின வீராங்கனையும் கைகோர்த்து மைதானத்தைச் சுற்றிய காட்சியை இன்றும் பேசுகிறார்கள். 1996 அட்லாண்டா மாரத்தானில் ஜோசியா துக்வானே தங்கம் வென்றார். ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் கறுப்பின தென்னாப்பிரிக்கர் அவர்.

அமிர்தராஜ் சகோதரர்கள்?

1987-ல் மீண்டும் ஃபைனலுக்குப் போனார்கள். ஸ்வீடனிடம் தோல்வி. டேவிஸ் கோப்பை இன்று வரை இந்தியாவுக்கு வரவே இல்லை. 1974-ல் விட்டது எவ்வளவு பெரிய வாய்ப்பு என்பது இப்போது புரியும்.